பன்னிரண்டு கார்டும் நாற்பத்தெட்டு மூலையும்

டாக்டரம்மா,

போன வாரம் தபால் ஆபீஸுக்குப் போயிருந்தேன். பென்ஷன் நிற்காமல் வரவேண்டுமென்றால், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை பெருவிரல் ரேகை வைத்துக் காட்ட வேண்டும். இப்போது அதற்கு ஒரு சின்ன மிஷின் வந்திருக்கிறது. அங்கே இருந்த பெண் என் விரலைப் பிடித்து அதன் கண்ணாடியில் நாலு தடவை அழுத்திப் பார்த்தாள். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை.

"தாத்தா, உங்க வெரல்ல ரேகையே இல்லியே. எங்க தொலைச்சீங்க?"

"பாதிய களிமண்ணு தின்னுடுச்சி, பாதிய பினாயிலு தின்னுடுச்சிம்மா."

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய், மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து பழைய மை டப்பா ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாள். மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சாவியால் நெம்பித் திறந்தாள். கறுப்பு மையின் வாசம் குப்பென்று மேலே வந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வந்தவனுக்கு அங்கேயே ஏதாவது ஆகிவிட்டால் அவள்தானே பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள், அவ்வளவுதான்.

நான் சொல்லச் சொல்ல எங்கள் தெரு வாத்தியார் இதை எழுதுகிறார். நான் வூடு என்றால் அவர் வீடு என்று எழுதுகிறார். எழுதட்டும். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, ஞாபகம் போகவில்லை. நீங்கள் வந்த அன்று பாசஞ்சர் வண்டி ஒன்றரை மணி நேரம் லேட். பெட்டியைத் தூக்கிவர என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தார்கள். பச்சைத் தகரப் பெட்டி ஒன்று. அதன் மேல் வட்டம் வட்டமாக ஏதோ எழுதியிருந்தது. தமிழ் எழுத்தோ இங்கிலீஷ் எழுத்தோ எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இது இரண்டும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் ரங்கூனில் டாக்டருக்குப் படித்தவர். அப்பா அம்மா இருவரும் அங்கேயே காலமாகிவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்ததாகச் சொன்னீர்கள். இங்கே வந்து மெட்ராஸில் பிரசவ வைத்தியத்துக்கு மேல்படிப்பு படிக்க எப்படியோ ஒரு இடம் வாங்கிவிட்டீர்கள். அந்தப் படிப்பில் கொஞ்ச காலம் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பெரிய டாக்டரின் கீழே வேலை செய்ய வேண்டும். பன்னிரண்டு தாய்மார்களைப் பிரசவத்திலிருந்து ஆறாவது வாரம் வரைக்கும் பார்த்து, ஒவ்வொருவர் விவரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். பெரிய டாக்டர் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை. இல்லாவிட்டால் இடமே போய்விடும். இதை நீங்கள் என்னிடம் எப்போது சொன்னீர்கள் தெரியுமா? ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போதே. பெட்டி தூக்குகிற ஆளிடம் யாரும் அப்படியெல்லாம் பேசி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நல்ல வரவேற்பு இல்லை. ரங்கூன் டாக்டர் என்றுதான் பேர். கம்பவுண்டர் ஒருநாள் உங்கள் காதில் விழும்படியே கேட்டார்:

"ரங்கூன்ல புள்ள வேற வழியா பொறக்குமாம்மா? இங்க வந்து புதுசா படிக்க வேண்டியிருக்குதே."

நீங்கள் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வழி ஒண்ணுதான் சார். அங்க வெளியில நின்னு கேள்வி கேக்கிறவங்கதான் கம்மி."

அன்றைக்கு நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அதிலிருந்து நான் உங்கள் கட்சி.

எனக்கு வேலை வார்டைக் கழுவுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, காலையில் வாசலில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தி உள்ளே அனுப்புவது. மற்ற டாக்டர்களுக்கு நான் 'டேய்'. உங்களுக்கு மட்டும் 'முருகேசன், நீங்க'. ஓய்வான நேரத்தில் வாசலில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். பீங்கான் சூளையில் வேலை செய்கிற பெண்கள் ஏன் எல்லோரும் இருமுகிறார்கள்? புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் எதை மறைக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு வருமுன் நானும் அங்கே களிமண் பிசைந்தவன்தான், எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். மாவாகப் பொடித்த கல்லைச் சல்லடையில் சலிக்கிறவர்கள் அப்படித்தான் இருமுவார்கள் என்று சொன்னேன். நீங்கள் மறுநாளே பீங்கான் செய்கிற அந்த மண்ணாலைக்குப் போய், சலிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று இருமிவிட்டு வந்தீர்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது.

பன்னிரண்டு தாய்மார்களுக்கும் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போயாயிற்று. ஆறாவது வாரம் அவர்களைத் திரும்ப வரவழைக்க வேண்டும். நீங்கள் ஒரு நாள் குறித்தீர்கள். அன்றைக்கு அமாவாசை.

"டாக்டரம்மா, அமாவாசையில பச்சப்புள்ளய வெளிய எடுக்க மாட்டாங்க. வேற நாள் பாருங்க" என்றேன்.

"வைத்தியத்துக்கு அமாவாசை ஏது முருகேசன்?" என்று நீங்கள் சிரித்தீர்கள். நல்ல சிரிப்புதான். ஆனால் பக்கத்தில் இருந்த இரண்டு நர்ஸுகளும் சேர்ந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தி, "முருகேசு பஞ்சாங்கம் பாக்குதும்மா, அடுத்தாப்பல ஜாதகமும் கணிக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சரிதான், படித்தவர்கள் வேலையில் நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். மேஜைமேல் பன்னிரண்டு தபால் கார்டுகள். எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே தமிழில் எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருக்கும் கறுப்பு மை டப்பா திறந்திருந்தது.

"இந்தக் கார்டைக் கையில எடுத்துக்கிட்டு வாங்கன்னு எழுதியிருக்கேன். நீங்க வாசல்ல நிப்பீங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியாதில்லையா? அதனால ஒரு அடையாளம் வைப்போம். நாலு மூலையிலயும் மை. அவங்க எப்படிப் பிடிச்சிருந்தாலும் உங்களுக்குத் தெரியும். பாத்ததும் வரிசையில நிக்க வைக்காம நேரா என்கிட்ட அனுப்பிடுங்க. பச்சை உடம்புக்காரங்க, வெயில்ல நிக்கக் கூடாது."

எனக்காக யோசித்தீர்கள். அந்தத் தாய்மார்களுக்காக யோசித்தீர்கள். ரங்கூன் ஹாஸ்டலில் வளர்ந்த உங்களுக்கு ஒன்று மட்டும் தெரியாது. எங்கள் பக்கத்தில் கார்டின் மூலையில் மஞ்சள் தடவி வந்தால் நல்ல சேதி. கறுப்பு தடவி வந்தால் சாவு. அதை வீட்டுக்குள் எடுத்துப் போக மாட்டார்கள். வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு அழ ஆரம்பிப்பார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மூலையில் கறுப்பு வைக்கிற வழக்கமே என்னைப் போல எழுத்து தெரியாதவர்களுக்காக ஏற்பட்டதுதான்.

எனக்குத் தெரியும் அம்மா.

தெரிந்தே என் பெருவிரலை மை டப்பாவில் அழுத்தி, ஒவ்வொரு கார்டாக எடுத்து, ஒவ்வொரு மூலையாக வைத்தேன். பன்னிரண்டு கார்டு, நாற்பத்தெட்டு மூலை. ஏழாவது கார்டு வைக்கும்போது வாய் வரைக்கும் வந்தது. அடுத்த அறையில் அந்த நர்ஸின் குரல் கேட்டது. விழுங்கிவிட்டேன். படித்தவர், தெரியாமலா செய்வார் என்று ஒரு பக்கம் நினைத்தேன். தெரியட்டுமே, நான் சொன்னால்தான் சிரிக்கிறார்களே என்று இன்னொரு பக்கம் நினைத்தேன். இரண்டில் எது பெரியது என்று இத்தனை வயதுக்கு அப்புறம் பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவதுதான். கார்டுகளை ரயிலடித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொரு தப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. அது யார் குற்றமும் இல்லை. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் எல்லோருக்கும் புருஷன் ஊர் விலாசம்தான் இருந்தது. பிரசவித்த பெண்ணோ தாய் வீட்டில் இருப்பாள். ஆகவே கறுப்பு மூலைக் கார்டு மாமியார் வீட்டு வாசலுக்குப் போய் நின்றது.

கம்மாபுரம் பக்கத்துக் கலியபெருமாளை உங்களால் மறக்க முடிந்திருக்காது. அவர் மருமகள் அஞ்சலை. சேத்தியாத்தோப்புப் பக்கம் தாய் வீடு. அஞ்சலை விஷயமாக ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு என்று சொல்லித் தபால்காரர் கொடுத்தார். அவர் சம்சாரம் மூலையைப் பார்த்தாள், கிழித்து எறிந்தாள், மாரில் அடித்துக்கொண்டாள். மருமகள் போய்விட்டாள் என்று ஊரே கூடி இரண்டு வண்டி கட்டியது. கோடிச் சேலை எடுத்தார்கள், மாலை வாங்கினார்கள். அந்த ஊர் எல்லைக்குப் போனதும் பெண்கள் இறங்கித் தலைவிரி கோலமாக அழுதுகொண்டே தெருவுக்குள் நுழைந்தார்கள்.

அஞ்சலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். மாமியார் அழுகிறாள், மாமனார் துண்டால் முகத்தை மூடியிருக்கிறார். அவளுக்கு வேறு எது தோன்றும்? புருஷன் போய்விட்டான் என்று நினைத்துக் குழந்தையைத் திண்ணையில் கிடத்திவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து அவளும் ஓவென்று அழுதாள். அவள் வெறுங்கையோடு அழுவதைப் பார்த்து இவர்கள் குழந்தைதான் போய்விட்டது என்று நினைத்து இன்னும் பெரிதாக அழுதார்கள். பின் வண்டியிலிருந்து அவள் புருஷன் இறங்கி வந்தபோதுதான் அழுகை நின்றது. கலியபெருமாள் பின்னாளில் இதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். "இவ அவன பாக்குறா, அவன் இவள பாக்குறான், ரெண்டு பேரும் பேய பாத்தாப்பல நிக்கிறாங்கப்பா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார். கூடவே இன்னும் நாலு ஊர்க்காரர்கள்.

"இன்னாங்க ஆஸ்பத்திரி இது? உசுரோட இருக்கிற பொண்ணுக்கு சாவு கார்டு போடுற ஆஸ்பத்திரி? எவன் போட்டான், வரச்சொல்லுங்க."

பெரிய டாக்டர் உங்களை அறைக்குக் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றேன். நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இந்த மை யார் வச்சது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"அடையாளத்துக்கு."

"நம்ம ஊர்ல இது எதுக்கு அடையாளம்னு கூடத் தெரியாம நீங்க யாருக்கு வைத்தியம் பாக்கப் போறீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு வெளியே கூட்டம் இருந்தது. "இன்னும் பத்து நாள்ல உங்க தவணை முடியுது. பன்னெண்டு பேரையும் பாத்து எழுதி முடிச்சாத்தான் கையெழுத்து. பதினொண்ணுன்னு வந்து நிக்காதீங்க. மெட்ராஸுக்கு எழுதிடுவேன்" என்றார்.

வெளியே வந்ததும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கேட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்களோ என்னைச் சமாதானப்படுத்தினீர்கள்.

"நீங்க வருத்தப்படாதீங்க முருகேசன். உங்களுக்குக் கடிதமே வர்றதில்லை. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

எழுத்து தெரியாதவன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அதையே காரணம் காட்டி என்னை மன்னித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த மன்னிப்பைப் பொய்யாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ரிஜிஸ்டர்ல அம்மா வீட்டு ஊர் இல்லையே. இவங்களை எங்கன்னு தேடுறது?" என்றீர்கள்.

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸிலும் வண்டியிலும் ஏற்றி அனுப்பியவன் நான். யார் எந்த பஸ், கூட வந்த தாய்க்காரி எந்த நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டாள், யார் வீட்டு முன்னால் இரட்டைப் பனை நிற்கிறது என்று பேசிக்கொண்டார்கள், எல்லாம் எனக்குள் இருந்தது. நான் சொன்னேன், நீங்கள் எழுதினீர்கள். எழுதி முடித்துவிட்டு, "இது ரிஜிஸ்டரை விட நல்லா இருக்கே" என்றீர்கள். என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் வீடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம். வாசலில் நம்மைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணின் தாயார் கையை நீட்டித் தடுத்தாள்.

"சாவு சேதி அனுப்புனவங்க அப்படியே உள்ள வரக்கூடாதும்மா. எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்தாப்பலதான். தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க."

நான் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். டாக்டர் பையை என்னிடம் கொடுத்தீர்கள். கிணற்றடியில் ஒரு தவலை நிறையத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தார்கள். அதை இரண்டு கையாலும் தூக்கி, கட்டிய புடவையோடு, தலையில் ஊற்றிக்கொண்டீர்கள். இன்னும் ஒன்று ஊற்றட்டுமா என்று வேறு கேட்டீர்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அப்புறம் ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போய், வாசற்படிக்கு அருகிலேயே உட்கார்ந்து, கையை மட்டும் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினீர்கள்.

நான் காய்ந்த சட்டையோடு பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் குளிக்கச் சொல்லவில்லை. நான் பை தூக்குகிறவன்.

இரண்டாவது வீட்டிலும் அதேதான். அவர்கள் உங்களுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பதற்குள், நான் முன்னால் போய் ஒரு குடத்தை எடுத்து என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

"நீங்க எதுக்கு முருகேசன்?"

"வெக்கையா இருக்குது டாக்டரம்மா."

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். அப்புறம் குடத்தை வாங்கிக்கொண்டீர்கள். மூன்றாவது வீட்டில் நாம் இரண்டு பேருமே கேட்காமலே கிணற்றடிக்குப் போனோம். அதற்குள் சேதி நமக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. நாலாவது வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் அந்த ஜவுளிக்கடை பாய் வீட்டில் ஈரத் தலையைப் பார்த்ததும் துண்டு கொடுத்தார்கள். "எங்களுக்கு இந்தக் கறுப்பு, மஞ்சள் எல்லாம் கெடையாதும்மா. ஆனா இந்த ஊருலயே பொறந்து வளந்தவங்க இல்லியா, எங்களுக்கும் பகீர்னுதான் இருந்திச்சி" என்று பாய் சொன்னார். அவர் சம்சாரம் உங்களை டீ குடிக்க வைத்து, மகளையும் பேரனையும் கொண்டுவந்து காட்டினாள்.

எட்டு நாளில் பதினொரு பேர். ஒரு வீட்டில் குழந்தை எடை ஏறவில்லை என்று கண்டுபிடித்தீர்கள். இன்னொரு பெண்ணுக்குக் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை என்று மருந்து எழுதினீர்கள். நோட்டில் பதினொரு பேர் விவரமும் ஏறியது. பாக்கி அஞ்சலை. அந்த வீட்டை நாம் இருவரும் பேசிக்கொள்ளாமலே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தோம்.

அஞ்சலையை அவர்கள் கையோடு கம்மாபுரம் பக்கத்துக்கே கூட்டி வந்துவிட்டார்கள். கலியபெருமாள் வாசலில் கயிற்றுக்கட்டிலில் இருந்தார்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்குது. ஒண்ணும் பாக்க வாணாம். போயிட்டு வாங்க."

நீங்கள் வாதாடவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் இருந்த தொட்டிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, வாசலில் நின்றீர்கள். கார்த்திகை மாதக் காற்று. உடம்பு வெடவெடவென்று ஆடியது. கலியபெருமாள் சம்சாரத்துக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, அந்தப் பொண்ணு வெறைச்சிப் போவுது பாருங்க. மாத்துத் துணி எதுனா குடுக்கட்டுமா?"

"நம்ம கட்டுன துணியையா டாக்டரு கட்டுவாங்க? புதுசுன்னா அந்தக் கோடிதான் கெடக்குது."

சொன்ன பிறகுதான் அவருக்கே என்ன சொன்னோம் என்று உறைத்தது. அஞ்சலையின் சாவுக்கு எடுத்த சேலை. திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் வாங்க மாட்டான், வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். கொட்டகையில் ஒரு மூலையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"அதையே குடுங்க" என்றீர்கள்.

"அது சாவுக்கு எடுத்ததும்மா."

"யாரும் சாகலையே. புதுச்சேலைதானே? நான் ரங்கூன்லேருந்து மூணு சேலையோட வந்தவள். எனக்கு யார் எடுத்துக் குடுக்கப் போறாங்க? குடுங்க, கட்டிக்கிறேன்."

ஒருவரும் அசையவில்லை. நான்தான் கொட்டகைக்குப் போய் எடுத்து வந்தேன். நீங்கள் மறைவில் போய் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. கலியபெருமாள் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் சம்சாரம் உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து, மஞ்சளை அந்தச் சேலையின் முந்தானை முனையில் தடவினாள். "இப்ப இது நல்ல சேலை" என்றாள். அப்புறம் உள்ளே பார்த்து, "ஏ அஞ்சல, புள்ளய எடுத்தா" என்று குரல் கொடுத்தாள்.

அஞ்சலைக்கு இடது மார்பில் பால் கட்டி, கல் மாதிரி இறுகி, நாலு நாளாகக் காய்ச்சல். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னீர்கள். மறுநாள் கலியபெருமாளே அவளை வண்டியில் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நீங்கள் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தீர்கள். பன்னிரண்டாவது விவரத்தையும் எழுதி முடித்தீர்கள். பெரிய டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்தச் சேலையை அன்றைக்கும் கட்டியிருந்தீர்கள். அவருக்குக் கதை தெரிந்திருக்கும். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, சில வருஷம் கழித்து இந்த ஆஸ்பத்திரிக்கே நீங்கள் டாக்டராக வந்தீர்கள். ஊர் உங்களைக் கொண்டாடியது. பயிற்சிக்கென்று புது டாக்டர்கள் வருவார்கள். வெளிதேசத்தில் படித்துவிட்டு வந்தவர் யாராவது இருந்தால் அவரை நீங்கள் தனியாகக் கூப்பிடுவீர்கள். இலங்கையில் படித்த ஒருவர், ரஷ்யாவில் படித்த ஒருவர். இருவரிடமும் ஒரே பேச்சுதான்.

"மொதல் வாரம் எதையும் தொட வேண்டாம். வாசல்ல முருகேசன் பக்கத்துல உட்காருங்க."

இலங்கைக்காரர் கேட்டார்: "அங்கே இருந்து என்ன படிக்கிறது மேடம்?"

"யார் எதைச் சொல்லாம இருக்காங்கன்னு படிங்க."

அந்தப் பேச்சு என் காதில் விழும்போதெல்லாம் நான் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொள்வேன். சொல்லாமல் இருந்தவன் பக்கத்திலேயே அவர்களை உட்கார வைக்கிறீர்கள். ஒருநாள் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீங்கள் வாசல் வழியாகப் போகும்போது, "சாப்பிட்டாச்சா முருகேசன்?" என்பீர்கள். ஆச்சுங்க என்பேன். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. அதற்குப் பதிலாக, அந்த ஸ்டூலில் உட்கார்ந்த ஒவ்வொரு டாக்டரிடமும் எனக்குத் தெரிந்த ஒன்றைக்கூட மறைக்கவில்லை. சிரித்தாலும் சொன்னேன், அதட்டினாலும் சொன்னேன். உங்களுக்குச் செய்ய வேண்டியதை அவர்களுக்குச் செய்தேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்பது எனக்குத் தெரிந்ததே காரியம் எல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான். யாரோ யாருக்கோ போனில் சொல்லி, அப்படியே என் வரைக்கும் வந்தது. இந்தக் காலத்தில் யார் கார்டு போடுகிறார்கள்? கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மருமகள், "இந்த வயசுல பச்சத்தண்ணி எதுக்கு மாமா?" என்று சத்தம் போட்டாள். வெக்கையாக இருக்கிறது என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் அம்மா. தெரிந்தேதான் வைத்தேன். உங்களுக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. இனி தெரியப் போவதும் இல்லை.

முந்தாநாள் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார். எங்கோ குளிர்தேசத்தில் படித்துவிட்டு வந்து இங்கே பயிற்சியில் இருக்கிறாராம். சின்ன வயசு, நல்ல முகம். எனக்கு முன்னால் ஒரு பெண், பீங்கான் கம்பெனியில் சூளையில் சாமான் அடுக்குகிறவள், அவளுக்கும் சர்க்கரைதான். காலையில் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் எழுதினார். அவள் தலையை ஆட்டினாள்.

"டாக்டரே, அந்தம்மா காலையில அஞ்சுக்கெல்லாம் கம்பெனிக்குப் போயிடும். பதினோரு மணிக்குத்தான் சாப்பாடு. எட்டு மணின்னு நீங்க எழுதினா வெறும் வயித்துல போட்டுக்கிட்டு சூளை வாயில போய் நிக்கும். மயங்கி விழுந்தா அனலுக்குள்ளதான் விழும்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "பெரியவரே, உங்க முறை வர்றப்ப பேசுங்க. வெளியில உட்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. அவர் அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்த்து, நீ எத்தனை மணிக்கம்மா சாப்பிடுவாய் என்று கேட்டு, எழுதியதை அடித்து, பதினொன்று என்று திருத்திக் கொடுக்கும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன்.

இப்படிக்கு,
முருகேசன்